பன்னிரண்டு பத்துக்கு வந்த மனு

என் புனிக்கண்ணு,

நல்லா இருக்கியாடின்னு கேக்க வாய் வருது. கேட்டு என்ன ஆகப்போகுது. ஒன்றரை வருஷமா உன்கிட்ட நான் பேசறதெல்லாம் குக்கர் சத்தத்துக்கு நடுவுல முணுமுணுப்பாவே போயிடுச்சு. இன்னிக்குச் சனிக்கிழமை, ஆபீஸ் லீவு. பேப்பர் எடுத்து வெச்சுக்கிட்டு உக்காந்துட்டேன்.

இதை உனக்கு மட்டும் எழுதல. நாளைக்குக் காலைல அடி அண்ணாமலைல நம்ம மலைச்சரிவுக் குழுக் கூட்டம். அங்க எல்லார் முன்னாடியும் நின்னு இதைப் படிக்கப்போறேன். அதனால அவங்களும் காது குடுத்துக் கேட்டுட்டு இருக்காங்கன்னு வெச்சுக்கோ. நேரா அவங்க முகத்தைப் பாத்துப் பேச எனக்குத் தைரியம் இல்ல. கூடப் பிறந்தவகிட்டப் பேசற மாதிரின்னா எப்படியாவது சொல்லி முடிச்சிடுவேன்.

கெட்ட சேதி ரெண்டு இருக்கு. சின்னதை முதல்ல சொல்றேன். உன் சரிவு எரிஞ்சுபோச்சு.

பங்குனி பௌர்ணமிக்கு மறுநாள், பட்டப்பகல்ல. கிரிவலப் பாதைக்கு மேல, பெரிய பாறையில இருந்து ஓடை வரைக்கும், ஏழு வருஷமா நீயும் ஊர் ஜனமும் குடம் குடமா தண்ணி சுமந்து ஊத்தி நிறுத்தின கன்னுங்க அத்தனையும் ஒரே மத்தியானத்துல போச்சு. நீ முதல்ல நட்ட வேங்கை இருக்கே, அதோட நிழல்ல உக்காந்து புளிசாதம் தின்னோமே, அது கரிக்கட்டையா நிக்குது. தினம் யாராவது ஒருத்தர் போய் நகத்தால பட்டையைக் கீறிப் பாத்துட்டு வர்றாங்க. உள்ள பச்சை இல்ல.

யார் வெச்ச நெருப்புன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியல. பௌர்ணமிக்கு வந்தவங்க பாறை மேல ஏத்திட்டுப் போன கற்பூரமா இருக்கலாம், அணைக்காத பீடியா இருக்கலாம். ஒரு பொறி போதும், வெயில் அப்படி. இந்த வருஷம் மாசியிலயே தீமிதிக்கிற மாதிரி ஆயிடுச்சு. பகல்ல கிரிவலம் வர்றவங்க தார் மேல கால் வெக்க முடியாம ரோட்டு ஓரத்து வெள்ளைக் கோட்டு மேலயே வரிசையா நடந்து போறாங்க. மழைன்னா ஒரு மாசத்து மழை ஒரே ராத்திரியில கொட்டிட்டு, மறுநாள் மேலருந்து மண்ணை வழிச்சுட்டு ஓடிடுது. ஏரியில நிக்கறது இல்ல. நீ இதுக்குப் பருவநிலை மாற்றம்னு பேர் சொல்லுவே. முனியம்மாக்கா டீக்கடையில 'காலம் கெட்டுப்போச்சு'ன்றாங்க. ரெண்டும் ஒண்ணுதான்னு நீயே ஒருநாள் ஒத்துக்கிட்டே.

உன் ஆராய்ச்சித் தலைப்பை நான் முதல்ல கேட்ட அன்னிக்கு ஞாபகம் இருக்கா? நான் மாவாட்டிக்கிட்டு இருந்தேன். வேலூர் காலேஜ்ல பிசிக்ஸ் சொல்லிக் குடுத்துட்டு நிம்மதியா இருந்தவ, திடீர்னு வந்து சமையல்கட்டு வாசல்ல நின்னுக்கிட்டு, 'அக்கா, குவாண்டம் சமூகக் கோட்பாட்டை வெச்சுப் பருவநிலை மாற்றத்தையும், ஊர் ஜனம் சேந்து காட்டைக் காப்பாத்தறதையும் ஆராயப்போறேன்'னே. எனக்குச் சிரிப்புத் தாங்கல. 'அணுவுக்கும் அடி அண்ணாமலைக்கும் என்னடி சம்பந்தம், படிச்சுப் படிச்சு மூளை கலங்கிடுச்சா'ன்னேன்.

நீ கோவிச்சுக்கல. கிரைண்டரை நிறுத்திட்டு ஒரு விரல் மாவை வழிச்சு என் மூக்குக்கு நேரா நீட்டினே. 'இது இட்லியா, தோசையா?'

'நான் ஊத்தறதைப் பொறுத்து.'

'ஊத்தறதுக்கு முன்னாடி?'

'முன்னாடி மாவு. கையை எடுடி, எச்சக்கை.'

'அதான்க்கா. நாளைக்கு இந்த மலை என்ன ஆகும்னு இப்பவே எழுதி வெக்கல. ரெண்டுக்கும் மாவு ஒண்ணுதான். நாம என்ன பண்றோம், எதுல ஊத்தறோம்ன்றதுல இருக்கு.'

நான் விடுவேனா? 'மாவு புளிச்சுப்போச்சுன்னா?'ன்னு கேட்டேன். நீ சிரிக்கறதை நிறுத்திட்டே. 'அதுக்குள்ள ஊத்திடணும்க்கா. ரொம்பப் புளிச்சிட்டா கீழதான் கொட்டணும்'னே. இப்ப கிரைண்டர் ஓடும்போதெல்லாம் அந்த வார்த்தை காதுல விழுது.

நீ சொன்னதுல பாதி எனக்குப் புரியாதுன்னு நினைச்சே. புரியாத மாதிரி இருந்தேனே தவிர, கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். ஒரு தடவை ஒண்ணா இருந்த ரெண்டு துகள் எவ்ளோ தூரம் பிரிஞ்சாலும், ஒண்ணை விட்டுட்டு இன்னொண்ணோட கதையை முழுசா சொல்ல முடியாதுன்னே. மனுஷனும் அப்படித்தான், தனித்தனி ஆளா பிறந்துட்டு அப்புறம் சேர்றதில்ல, முதல்லருந்தே பின்னிக் கிடக்கிறோம்னே. 'இது உவமையா, நிஜமாவேவா?'ன்னு கேட்டதுக்கு, 'அதுக்குத்தான்க்கா அறிஞருங்களுக்குள்ள அடிதடி'ன்னு சொல்லிட்டுத் தட்டை நீட்டினே. ரமணாசிரமம் பக்கம் காபிக் கடையில வெள்ளைக்காரங்க ரெண்டு பேர் உன் பேச்சைக் கேட்டுட்டு, ஆமா ஆமா எல்லாம் ஒண்ணுதான்னு கண்ணை மூடித் தலையாட்டினாங்களாம். வீட்டுக்கு வந்து அவ்ளோ கத்தினே. 'எல்லாம் ஒண்ணுன்னா புல்லை யாரு அறுப்பா?'

புல்லு. அங்கதான் என் தப்பு இருக்கு.

உனக்குக் காய்ச்சல்னு சொல்லி அஞ்சாம் நாள் உன்னை எடுத்துட்டுப் போனோம். டெங்குன்னாங்க. காரியம் முடிஞ்ச ஞாயித்துக்கிழமை அப்பாண்டைராஜ் அண்ணன் வீட்டுக்கு வந்தாரு. இந்தக் கூட்டத்துக்குப் புதுசா வந்தவங்களுக்குச் சொல்றேன், அவர் லைன்மேனா இருந்து ஓய்வு வாங்கினவரு, ஜைனக் குடும்பம், பொழுது சாயறதுக்குள்ள சாப்பிட்டு முடிக்கிறவரு. நம்ம குழுவோட விசில் அவர் கழுத்துலதான் தொங்கும். 'மஞ்சுளாம்மா, புனிதா விட்ட எடத்துல நீங்க வரணும்'னாரு. நான் ஆபீஸ்காரி, எனக்கென்னங்க தெரியும்னேன். 'நீங்க வந்தா ஜனம் வரும்'னாரு. வந்தேன்.

முதல் வருஷம் உன் பேருக்காக எல்லாரும் வந்தாங்க. அடுத்த மழைக்குள்ள ஆளு கம்மியாயிடுச்சு. ஞாயித்துக்கிழமை காலைல குடத்தோட போய் நின்னா அஞ்சு பேர், ஆறு பேர். நீ எப்படித்தான் கூட்டி வெச்சிருந்தியோ தெரியல. இது யாரு கன்னுன்னு கேட்டா 'எல்லாருதும்'னுதான் எல்லாரும் சொல்லுவாங்க. எல்லாருதும்னா யாருதும் இல்லன்னு எனக்குத் தோணுச்சு. இருபத்தாறு வருஷம் ஃபைல் பாத்த புத்தி. ஒவ்வொண்ணுக்கும் ஒரு பேர், ஒரு நம்பர், ஒரு பொறுப்பு அதிகாரின்னு இருந்தாத்தானே நமக்கு நிம்மதி.

எண்ணெய் டின்னை வெட்டித் தகடு பண்ணி, போர்டு எழுதறவரைப் பிடிச்சு பேர் எழுத வெச்சேன். வீட்டுக்குப் பத்துக் கன்னு. தன் பேர் போட்ட கன்னுக்குத் தான் பொறுப்பு. நீ பாத்திருக்கணும்டி, ஜனம் என்னமா வந்துச்சு! தகட்டுக்குப் பக்கத்துல நின்னு போட்டோ எடுத்துக்கிட்டாங்க. முனியம்மாக்கா தன் கன்னுக்கு மஞ்சள் குங்குமம் வெச்சாங்க. புனிதாவால முடியாததை மஞ்சுளா பண்ணிட்டான்னு யாரோ சொன்னாங்க. அன்னிக்கு ராத்திரி எனக்குக் கர்வத்துல தூக்கம் வரல. அதையும் சொல்லிடறேன்.

ஏழுமலைக்கு மட்டும் தகடு குடுக்கல. ஆட்டுக்காரனுக்குக் கன்னு குடுக்கறது பூனைக்குப் பால் காவல் வெக்கற கதைன்னு எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். அடுத்த வாரம் சரிவுக்குள்ள ஆடே வரக்கூடாதுன்னு நோட்டுல எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நீ இருந்தப்ப நெருப்புக் கோட்டுல அவன் ஆட்டை நீயே மேய விட்டிருந்தது எனக்குத் தெரியாமலா இருந்துச்சு? சரிவைச் சுத்தி ரெண்டு ஆள் அகலத்துக்குப் புல் இல்லாத வெற்று மண்ணு, கீழருந்து தீ வந்தா தாண்டாம நிக்கணும்னு போட்ட கோடு. மழைக்கு அப்புறம் அதுல புல் கிளம்பும். ஏழுமலை ஆட்டை அந்தக் கோட்டு மேலயே ஓட்டிட்டுப் போவான். ரெண்டு பக்கமும் கன்னு இருக்கும், ஆடு எட்டிக் கடிக்காம கம்பும் கையுமா கூடவே நடப்பான். ஊரே உன்னைத் திட்டுச்சு. 'ஆடு வேற, மரம் வேற, மனுஷன் வேறன்னு முதல்ல வெட்டிட்டு அப்புறம் ஒட்டவெக்கப் பாக்கறீங்க'ன்னு நீ பதில் சொன்னே. நான் வந்து மறுபடியும் வெட்டினேன். கோட்டுப் புல்லை அறுக்க முறைவெச்சு ஆள் போட்டேன். அவங்க ரெண்டு வாரம் அறுத்தாங்க. அதுல யார் பேரும் எழுதலையே, அப்புறம் யாரு போவாங்க.

பிள்ளையார் பிடிக்கக் குரங்கா முடிஞ்சதுன்னு சொல்லிட்டு இதோட நிறுத்தினா நல்லா இருக்கும். இது வரைக்கும் உள்ளதை மன்னிப்பாங்க. தெரியாம பண்ணினதுன்னு சொல்லிக்கலாம். ரெண்டாவது சேதி தெரிஞ்சே பண்ணினது.

அந்தப் பௌர்ணமிக்கு மறுநாள் ஏழுமலை, சரிவுலருந்து பஸ்ஸுல அரை மணி நேரம் இருக்கற வேங்கிக்காலுக்கு, என் ஆபீசுக்கு வந்தான். வெள்ளைச் சட்டை போட்டிருந்தான். கல்யாணத்துக்கு எடுத்த சட்டையா இருக்கும், காலர்ல மடிப்பு அப்படியே இருந்துச்சு. வெளிய மரத்தடியில மனு எழுதித் தர்றவர்கிட்டச் சொல்லி ஒரு மனு எழுதிக்கிட்டு வந்திருந்தான். 'மலைச்சரிவுக் குழுச் செயலாளர் அம்மா அவர்களுக்கு'ன்னு எனக்குத்தான் போட்டிருந்துச்சு. கூட்டத்துல வாய்ப்பேச்சா சொன்னா சிரிக்கறாங்க, எழுதிக் குடுத்தாத்தான் அக்கா படிப்பாங்கன்னு எவனோ சொல்லியிருக்கான்.

'இன்னா தம்பி, இங்க வந்திருக்கே?'

'அக்கா, கோட்டுல புல்லு இடுப்பு மட்டும் வளந்துகீது. காஞ்சும் போச்சு. பௌர்ணமிக்குக் கூட்டம் வந்துட்டுப் போயிருக்குது, எனுக்குப் பயமா இருக்குதுக்கா. ஒரு வாரம் ஆட்டை வுடச் சொல்லுங்க. கோட்டு மேல மட்டும்தான். கன்னுகிட்டப் போவ வுடமாட்டேன்.'

'ஒருத்தருக்காக முடிவை மாத்த முடியாதுப்பா. ஞாயித்துக்கிழமை கூட்டத்துல வெச்சுப் பாக்கலாம்.'

'ஞாயித்துக்கெழமைக்கு நாலு நாள் கீதேக்கா.'

'நாலு நாள்ல என்ன ஆயிடப்போகுது?'

இதை நான் சொன்னேன்டி. இந்த வாயால. சொல்லிட்டு மனுவை வாங்கி, கை பழக்கம், மூலையில 'பெற்றேன்'னு எழுதி, தேதியும் நேரமும் போட்டு, கையெழுத்தும் போட்டேன். மேஜைக்கு எதிர்ல சுவர்க் கடிகாரம், அதைப் பாத்து எழுதினேன். பகல் 12.10. எழுதி டிராயர்ல போட்டேன். அவன் கும்பிட்டுட்டுப் போனான்.

பத்து நிமிஷத்துல அப்பாண்டைராஜ் அண்ணன் போன் பண்ணினாரு. 'மஞ்சுளாம்மா, தீ. பன்னெண்டு அஞ்சுக்குப் பொகையைப் பாத்தேன், ஓடியாங்க.' கூட வேலை செய்யற பொண்ணோட ஸ்கூட்டர்ல ஏறிப் போனேன். பஸ் ஸ்டாப்புல வெள்ளைச் சட்டையோட ஏழுமலை நின்னுட்டு இருந்தான். பாத்தேன். நிக்கல.

அங்க போனா, நான் செஞ்ச ஏற்பாடு என் கண்ணு முன்னாடி நடந்துட்டு இருந்துச்சு. நீ இருந்தப்ப விசில் கேட்டா ஜனம் எங்க போகும்? நேராக் கோட்டுக்கு. பச்சைக் கிளையை ஒடிச்சுக்கிட்டு வரிசையா நின்னு அடிப்பாங்க. அன்னிக்கு அண்ணன் கோட்டு மேல நின்னு விசிலை ஊதறாரு ஊதறாரு, கூட ரெண்டே பேர். மத்தவங்க எல்லாம் குடத்தைத் தூக்கிட்டுச் சரிவுக்குள்ள ஓடி, தகட்டைப் படிச்சுப் படிச்சுத் தன் கன்னைத் தேடறாங்க. முனியம்மாக்கா தன் பத்துக் கன்னைச் சுத்தி மண்ணை நனைச்சுட்டு நிக்கறாங்க. 'அக்கா, கோட்டுக்கு வாங்க'ன்னு கத்தினேன். 'எம் பேரு போட்டதும்மா, வுட்டுட்டு எப்படி வருவேன்'னு அழறாங்க. முனியம்மாக்கா, நீங்க தலையைக் குனியாதீங்க. அப்படிச் செய்யச் சொன்னவ நான்.

இடுப்பு உயரப் புல் இருந்த இடத்துல தீ கோட்டைத் தாண்டுச்சு. சும்மா ஒரு எட்டு வெச்சு வந்துச்சு. எல்லாரும் இறங்கி ஓடினோம். ஏழுமலை பஸ்ஸுல வந்து சேர ஒரு மணி ஆச்சு. அதே சட்டையோட ஏறிப்போய், ஓடைப் பக்கத்துல கடைசித் தீயை அடிச்சு அணைச்சவன் அவன்தான். மறுநாள் போய்ப் பாத்தேன். சாம்பலுக்கு நடுவுல தகடுங்க மட்டும் நட்டது நட்டபடி நிக்குது. பேர் எல்லாம் படிக்கற மாதிரியே இருக்கு.

அடுத்த ஞாயித்துக்கிழமை கூட்டம். எல்லாருக்கும் ஆத்திரம், யார் மேலயாவது இறக்கி வெக்கணும். பின்னாலருந்து ஒரு குரல், 'ஆடு விடக்கூடாதுன்னு சொன்ன கடுப்புல வெச்சிருப்பான்.' இன்னொரு குரல், 'ஆடு மேய்க்கிறவனுக்கு அன்னிக்கு எதுக்கு வெள்ளைச் சட்டை?' ஏழுமலை எழுந்து நின்னான்.

'நான் அன்னிக்கு மலைப் பக்கமே இல்லீங்க. வேங்கிக்கால்ல, அக்கா ஆபீஸ்ல இருந்தேன். அக்காவையே கேளுங்க.'

அத்தனை முகமும் என் பக்கம் திரும்புச்சு. அண்ணன் கேட்டாரு. 'வந்தானா மஞ்சுளாம்மா?'

'வந்தான்.'

'எத்தினி மணிக்கும்மா?'

எனக்கு மணி தெரியும். நானே எழுதினது. மணியைச் சொன்னா, எதுக்கு வந்தான்னு கேப்பாங்க. எதுக்குன்னு சொன்னா, நீ என்ன பதில் சொன்னேன்னு கேப்பாங்க. புனிதாவோட சரிவைப் புனிதாவோட அக்காவே எரிச்சான்னு ஆகிடும். உன் போட்டோவுக்குத் தினம் பூ வெக்கறது நான்தானே. அந்த நிமிஷம் வேற எதுவும் எனக்குத் தோணல.

'ஞாபகம் இல்லண்ணே. அன்னிக்கு வேலை ஜாஸ்தி.'

அவ்ளோதான். 'அப்போ வெச்சுட்டு பஸ் ஏறியிருப்பான்'னு யாரோ முடிச்சாங்க. ஏழுமலை என்னைப் பாத்தான். மணியை எழுதினீங்களேன்னு ஒரு வார்த்தை கேக்கல. துண்டை எடுத்துத் தோள்ல போட்டுக்கிட்டுக் கூட்டத்தை விட்டுப் போனான். அன்னிக்கு என் வாயில கொழுக்கட்டையா இருந்துச்சு? பழி ஓரிடம் பாவம் ஓரிடம்னு சும்மாவா சொன்னாங்க.

மூணு வாரம் ஆச்சு. இந்த மூணு வாரமா அந்த மனு என் கைப்பையில இருக்கு, தினம் ஆபீசுக்கும் வீட்டுக்கும் என்னோடவே வந்துட்டுப் போகுது. காட்டு இலாகா ஆளுங்க ஏழுமலையை மூணு தடவை கூப்பிட்டு விசாரிச்சாங்க. குளத்துல ஆட்டுக்குத் தண்ணி காட்டக்கூடாதுன்னு ஊர்ல சொல்லிட்டாங்க. டீக்கடைக்கு வந்தா பக்கத்துல உக்காந்தவங்க எழுந்துக்கறாங்களாம். போன ஞாயித்துக்கிழமை தண்ணி ஊத்த யாரும் வரல. நான் ஒருத்தி. தண்ணி ஊத்த அங்க என்ன இருக்கு? கரிக்கட்டைக்கு ஊத்திட்டு வந்தேன்.

நாம தனித்தனி இல்லன்னு சொன்னியே, அது நல்லதுக்கு மட்டும்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன். பொய்யும் அப்படித்தான் பரவும்னு ஏன்டி சொல்லித் தரல? ஞாபகம் இல்லன்னு நான் சொன்னது ரெண்டு வார்த்தை. அது குளத்துல இறங்கி, டீக்கடையில ஏறி, ஒருத்தன் வீட்டு அடுப்பு வரைக்கும் போயிடுச்சு. இவ்ளோ பெரிய பருவநிலை மாற்றத்துல ஒருத்தி பண்றது என்ன பெருசுன்னு நான் கேக்கும்போதெல்லாம், ஒருத்தின்னு தனியா யாரும் இல்லக்கான்னு சிரிப்பே. இப்ப புரியுது. இப்படிப் புரிஞ்சிருக்க வேணாம்.

நேத்து சாயங்காலம் அவன் வீட்டுக்குப் போனேன். பட்டியில ரெண்டே ஆடு நின்னுச்சு, மீதியெல்லாம் வித்தாச்சாம். அவன் வீட்டுக்காரி துணியை மடிச்சுப் பையில வெச்சுட்டு இருந்தா. திங்கக்கிழமை காலை பஸ்ஸுக்குப் பெங்களூரு, கட்டட வேலைக்கு. என்னைப் பாத்ததும் அவ உள்ள போயிட்டா. அவன் சேரை எடுத்துப் போட்டான். எனக்கு அந்தச் சேர்ல உக்கார முடியல. மனுவை எடுத்து நீட்டினேன்.

'தெரியும்க்கா. நீங்க கடியாரத்தைப் பாத்து எழுதும்போது நான் எதிர்லதான நின்னேன்.'

'அப்புறம் ஏன்பா அன்னிக்குக் கூட்டத்துல சொல்லல?'

'உங்க மூஞ்சியைப் பாத்தேன். புனிதாக்கா போன அன்னிக்கு எப்படி இருந்தீங்களோ, அப்படி இருந்தீங்க. சரி, வுடுன்னு வுட்டுட்டேன்.'

அடியேய், என்னால அதைத் தாங்க முடியலடி. அடிச்சிருந்தாக்கூடத் தாங்கியிருப்பேன். 'இதை எடுத்துட்டுப் போய் எல்லார்கிட்டயும் காட்டுப்பா'ன்னேன். அவன் கையை நீட்டவே இல்ல.

'நான் காட்டுனா நானே எழுதிக்கினேன்னு சொல்லுவாங்க. நீங்க சொல்லுங்க. சொல்லலேன்னாலும் பரவால்ல, எனுக்குப் பஸ்ஸுக்கு நேரமாவுதுன்னு போயிடுவேன். நான் போனாலும் கோட்டுப் புல்லை மட்டும் பாருங்கக்கா. ஓடைக்கு அந்தாண்ட இன்னும் எரியாத காடு கீது.'

போற நேரத்துலயும் அவனுக்குப் புல்லு ஞாபகம். நான் பஸ்ஸுல வரும்போது அண்ணாமலையாரைக் கும்பிடக்கூட மலையை நிமிர்ந்து பாக்கல. ஜன்னல் பக்கம் உக்காந்துட்டு மடியையே பாத்துட்டு வந்தேன்.

நான் சொல்றதால எரிஞ்சது பச்சையாகாது. ஏழுமலை பையைப் பிரிச்சுத் துணியை மறுபடி கொடியில போடுவானான்னும் தெரியல, போடலேன்னா அவனைத் தப்பு சொல்ல எனக்கு வாய் இல்ல. இந்தக் குழு நாளைக்கு மத்தியானம் இருக்குமான்னே தெரியல. சித்திரை இப்பத்தான் பிறந்திருக்கு, கத்திரி வெயில் இன்னும் ஆரம்பிக்கவே இல்ல. மாவு புளிச்சுக்கிட்டே இருக்குடி. கொட்டறதுக்கு முன்னாடி ஒரு கரண்டியாவது ஊத்த முடியுமா? நீ இருந்தா என்ன சொல்லுவே?

நீ சொல்லமாட்டே. அதனால நான் சொல்றேன், கேட்டுக்கோ. நாளைக்குக் காலைல பத்து மணிக்கு எழுந்து நிப்பேன். இந்தக் கடிதத்தை முதல் எழுத்துலருந்து படிப்பேன். மனுவை அண்ணன் கையில குடுப்பேன், திங்கக்கிழமை காலைல காட்டு இலாகா ஆபீசுக்கும் நானே எடுத்துட்டுப் போவேன். ஆடு வரக்கூடாதுன்னு நான் எழுதின பக்கத்தை எல்லார் முன்னாடியும் அடிச்சுட்டு, செயலாளர் பொறுப்பு வேணாம்னு நோட்டைக் கீழ வெச்சுடுவேன். ஏழுமலை இருந்தா அவன் ஆட்டுக்குப் பின்னாடி போவேன். இல்லாட்டி அருவாளை எடுத்துட்டு ஓடைக்கு அந்தாண்ட நானே அறுப்பேன், முதுகு ஒடிஞ்சாலும் சரி.

என்னைப் பத்தி உனக்குத் தெரியும். பாதி படிக்கறதுக்குள்ள அழுதுடுவேன். அழுதா மீதியை அப்பாண்டைராஜ் அண்ணனைப் படிக்கச் சொல்றேன். மனு மூலையில இருக்கறதை மட்டும் வேற யாரையும் படிக்க விடமாட்டேன். என் கையெழுத்து, என் வாயாலதான் வரணும்: பெற்றேன். பகல் பன்னிரண்டு பத்து. அப்ப ஏழுமலை என் முன்னாடி நின்னுட்டு இருந்தான்.

உன் கூடப் பிறந்தவ,
உன்னை விட்டா யாருகிட்டயும் உண்மை சொல்லிப் பழகாத
உன் அக்கா மஞ்சுளா